பெருமாயி அடைத்த இருநூற்றுப் பதினான்கு குழிகள்

பெருமாயிக்கு நான் பன்னிரண்டாயிரத்து நானூறு ரூபாய் கடன்பட்டிருந்தேன். தொண்ணூற்றாறாம் வருஷம் தை மாதம் பட்ட கடன். அதைத் திருப்ப எனக்கு எட்டு வருஷம் ஆனது. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால், பின்னால் தெரிந்துகொண்டு, சூசைமுத்து பெருமையை மட்டும் எழுதினான், சிறுமையை மறைத்தான் என்பார்கள்.

பெருமை எனக்கு நிறைய உண்டு. மூன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். பதினோரு வயதில் கல்குவாரியில் ஜல்லி உடைக்கப் போனேன். நாற்பது வயதில் எங்கள் பேரூராட்சியில் பதிவு பெற்ற காண்ட்ராக்டர். ஒருத்தன் சிபாரிசு கிடையாது, மாமன் மச்சான் பணம் கிடையாது. வடமதுரையிலிருந்து திண்டுக்கல் வரைக்கும் எந்த இடத்தில் பஸ் குலுங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். ரோட்டில் ஒரு குழியைக் காட்டினால் போதும், ஓவர்சீயர் டேப்பை விரிப்பதற்குள் எத்தனை சட்டி ஜல்லி, எத்தனை குவளை தார் என்று சொல்லிவிடுவேன். அளந்து பார்த்தால் அரைச் சட்டி கூடக் குறையாது. எழுத்து மட்டும்தான் எனக்குக் கொஞ்சம் மல்லுக்கட்டும்.

ஊர் பெயர் வேண்டாம். திண்டுக்கல்லைச் சுற்றிய சமவெளியில் ஒரு பேரூராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெருமாயி அந்த ஊர்க்காரி இல்லை. பழனிக்குப் பக்கத்தில் நெய்க்காரப்பட்டியில் பிறந்து, சங்கிலி என்பவனுக்கு வாழ்க்கைப்பட்டு எங்கள் பக்கம் வந்தவள். சங்கிலி என்னிடம்தான் தார் காய்ச்சும் வேலை பார்த்தான். ஒரு நாள் திருப்பூரில் சம்பளம் அதிகம் என்று போனான். போனவன் திரும்பவில்லை. இவள் மறுநாளே அவனுடைய டயர் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்து நின்றாள். ஐந்து வருஷத்தில் இருபத்துநாலு பேர் கொண்ட ஒரு கூட்டத்துக்கு மேஸ்திரி ஆகிவிட்டாள். பொம்பளை மேஸ்திரி என்று ஆரம்பத்தில் ஆண்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் எட்டுப் பேர் பிற்பாடு அவளிடம்தான் கூலி வாங்கினார்கள். அவளை மேஸ்திரி ஆக்கியது நான். ஆளை எடை போடுவதில் நான் தப்பியதில்லை.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. குழியைச் சதுரமாக வெட்டி, கூட்டிப் பெருக்கி முடித்ததும் தார் ஊற்ற விடமாட்டாள். ஒரு செம்புத் தண்ணீரை அதற்குப் பக்கத்தில் ரோட்டின் மேல் ஊற்றிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்ப்பாள். தண்ணீர் ஓரத்துக்கு ஓடினால் சரி. ஓடாமல் குழிக்கே வந்தால், எழுந்து போய் ரோட்டோரத்து மண்ணை மண்வெட்டியால் கீறி, தண்ணீர் இறங்க வாய் வெட்டிவிடுவாள். ஈரம் காய்ந்த பிறகுதான் அடைப்பாள்.

ஓவர்சீயர் ஸ்டான்லி ஒருமுறை கேட்டார். "ஏம்மா, குழிக்கு ஜாதகம் பாக்குறியா?"

"குழி என்னங்க பண்ணும், பாவம். தண்ணி தேங்குறதாலதானுங்களே குழி விழுது. தண்ணிய அனுப்பிட்டா அடுத்த வருசம் நானும் நீங்களும் இங்க வந்து உக்கார வேண்டாமில்லீங்க."

"அது சரி. ஆனா வாய்க்கா கீறுறதுக்கு எஸ்டிமேட்டுல ரேட்டு இல்ல. குழி அடைக்கத்தான் ரேட்டு. குழி விழாம பாத்துக்கிறதுக்கு எந்தப் புஸ்தகத்துலயும் ரேட்டு கெடையாது."

"ரேட்டு கெடக்கட்டுங்க" என்று அவள் மண்ணைக் கீறிக்கொண்டே இருந்தாள்.

அந்த ஓவர்சீயர் விளையாட்டாகச் சொன்னது சத்தியமான வார்த்தை. பேரூராட்சியில் பணம் இரண்டு பையில் இருக்கும். ஒரு பை மேலே இருந்து வருவது. திட்டப் பணம். அதில் புது ரோடு போடலாம், மார்ச் மாதத்துக்குள் செலவழித்தே தீர வேண்டும், கல்வெட்டில் பெயர் போட்டுக்கொள்ளலாம். இன்னொரு பை ஊரில் வசூலிப்பது. வீட்டு வரி, சந்தைக் குத்தகை, கடை வாடகை. இதிலிருந்துதான் சம்பளம், தெருவிளக்குக் கரண்டு பில், குடிதண்ணீர் மோட்டார் கரண்டு பில் எல்லாம். அது போக மிஞ்சியதில் குழி அடைக்க வேண்டும். மிஞ்சியது எப்போதும் விளக்குமாறு வாங்கத்தான் காணும். அதனால் ஒட்டுப் போடுகிற காண்ட்ராக்டர் பில் வரிசையில் கடைசியில் நிற்கும். நல்ல ரோட்டுக்கு மேல் இன்னொரு ரோடு போடப் பணம் இருக்கும். இருக்கிற ரோட்டைக் காப்பாற்றப் பணம் இருக்காது.

தொண்ணூற்றாறு தைப்பூசத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஸ்டான்லி சைக்கிளை மிதித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் எங்கள் ஊர் ரோட்டில் மூன்று கிலோமீட்டர் நடந்து பெரிய ரோட்டில் ஏறுவார்கள். வெறுங்கால். ரோடு முழுக்கக் குழி, குழி முழுக்கக் கூர் ஜல்லி. முந்தின வருஷம் ஒருவர் கால் கிழிந்து பேப்பரில் வந்துவிட்டது.

"அண்ணே, நாளைக்கே வேலைய ஆரம்பிங்க. ஆபீஸ்ல இருந்து தார் தாரோம். ஜல்லி, வெறகு, ஆளு உங்க பொறுப்பு. உத்தரவு பின்னாலயே வருது."

"பேப்பர் இல்லாம எப்படி சார்?"

"தனி அலுவலரு வாயால சொல்லிட்டாரு. கவுன்சிலே இல்லாத ஊர்ல அவர்தான கவுன்சிலு. அவரு சொன்னா தீர்மானம் போட்ட மாதிரிதான்."

அது உண்மைதான். ஐந்து வருஷமாக உள்ளாட்சித் தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர் ஒருவரே எல்லாம். நான் தலையை ஆட்டிவிட்டேன். வாய் உத்தரவுக்கு வேலை செய்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

பத்து நாளில் இருநூற்றுப் பதினான்கு குழி. பொம்பளைகள் பதினாறு பேர் நாற்பத்தைந்து ரூபாய், ஆண்கள் எட்டுப் பேர் அறுபத்தைந்து ரூபாய், ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூற்று நாற்பது. பெருமாயி ஒவ்வொரு குழிக்கும் செம்புத் தண்ணீரை ஊற்றினாள். கடைசி நாள் சாயங்காலம், காவடி கட்டிய முதல் கூட்டம் எங்கள் ரோட்டில் கால் வைக்கும்போது, கடைசிக் குழியின் மேல் மணல் தூவிக்கொண்டிருந்தாள். ஒரு கிழவர் குனிந்து அந்த மணலைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு போனார். தார்ச் சூட்டில் விரல் சுட்டிருக்கும். அவர் காட்டிக்கொள்ளவில்லை.

கூலி நாள் வந்தது. என் பணம் முழுதும் ஜல்லியிலும் விறகிலும் போயிருந்தது. பெருமாயியைத் தனியே கூப்பிட்டேன்.

"ஏத்தா, ஒரு ஒத்தாசை. சீட்டு எடுத்த பணம் வச்சிருக்கியாமே. அதுல ஆளுகளுக்குக் கூலியக் குடுத்துரு. பில்லு பத்து நாள்ல வந்துரும். மொத ஆளா உனக்குத்தான்."

அந்தப் பணம் எதற்கு என்று எனக்குத் தெரியும். சந்தைப்பேட்டைக்குப் பின்னால் இரண்டு சென்ட் மனைக்கு மூவாயிரம் முன்பணம் கொடுத்திருந்தாள். பங்குனி கடைசிக்குள் மிச்சம் பன்னிரண்டாயிரம் கொடுத்துக் கிரயம் முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் முன்பணம் போய்விடும். அவள் குடியிருந்தது ரோட்டோரப் புறம்போக்கில் ஒரு குடிசை.

"பங்குனிக்குள்ள வந்துருமுங்களாண்ணா?"

"பங்குனியா? மாசி பொறக்கட்டும், பாரு."

"நீங்க சொன்னாச் சரிங்க" என்றாள். நான் சொன்னால் சரிதான் என்று இந்த வட்டாரமே நம்பியிருந்த காலம் அது. அன்றைக்கே இருபத்துமூன்று பேருக்கும் கூலியை எண்ணிக் கொடுத்தாள். தன் கூலியையும் தன் பணத்திலிருந்தே தனியாக எடுத்து, தவணைக்கு வேண்டும் என்று மடியில் முடிந்துகொண்டாள். சீட்டுத் தவணை இன்னும் பதினாறு மாதம் கட்ட வேண்டியிருந்தது.

மாசியில் தனி அலுவலருக்கு மாற்றல் ஆகிவிட்டது. வாய் உத்தரவு கொடுத்த வாய் வேறு ஜில்லாவுக்குப் போய்விட்டது. ஸ்டான்லியும் சித்திரையில் போனார். பங்குனி முடிந்த மறு வாரம் மனைக்காரர் அந்த இரண்டு சென்டை வேறு ஆளுக்கு எழுதிக் கொடுத்தார். மூவாயிரம் முன்பணமும் போயிற்று. பெருமாயி என்னிடம் வந்து கத்துவாள் என்று நினைத்தேன். வரவில்லை. வேலைக்குத்தான் வந்தாள்.

அந்த வருஷம் ஐப்பசியில் தேர்தல் முடிந்து கவுன்சில் வந்தது. என் பில்லைக் கூட்டத்தில் வைத்தார்கள். முன்னால் இருந்தவர் வாயால் சொன்னதற்கு நாங்கள் ஏன் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு மெம்பர் கேட்டார். சரி, நேரில் பார்ப்போம் என்று நாலு பேர் ரோட்டுக்கு வந்தார்கள். நானும் கூடப் போனேன். மழை பெய்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மூன்று கிலோமீட்டரும் நடந்தோம். ஒரு ஒட்டுக்கூடப் பெயரவில்லை. மண் படிந்து பழைய ரோட்டோடு ரோடாக ஆகியிருந்தது.

"எங்கய்யா குழி?" என்றார் அந்த மெம்பர்.

"அடச்சாச்சுங்க. அதுக்குத்தான பில்லு."

"குழியே காணோம், அடச்சேன்ங்கிற. இருந்துச்சுன்னு எப்படி நம்புறது?"

அடுத்த தெருவில் வேறொருத்தன் போட்ட ஒட்டு மூன்றே மாதத்தில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அதற்கு இரண்டாவது முறை பணம் ஒதுக்கினார்கள், குழி கண்ணுக்குத் தெரிகிறதே. ஒழுங்காகச் செய்த வேலைக்குச் சாட்சி இல்லாமல் போனதை அன்றைக்குத்தான் நான் கண்டேன். பில் ஆபீஸ் காகிதக் கட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

இனி சொல்வது என் சிறுமை. தொண்ணூற்றெட்டில் அறுபதாயிரம் கொடுத்து ஒரு தார்க் கலவை மெஷின் வாங்கினேன். அப்போது என் கையில் பணம் இருந்தது. பெருமாயிக்குக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. பில் பணத்தில்தான் பில் கடனை அடைப்பது என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். என்னுடைய ஜல்லிக் காசே உள்ளே மாட்டிக் கிடக்கிறது, அவளுடையதும் கிடக்கட்டும் என்று மனதில் ஒரு கோணல். ஜல்லிக்காரன் வாசலில் வந்து கத்தினான், அவனுக்குக் கொடுத்தேன். இவள் கத்தவில்லை. வருஷத்துக்கு இரண்டு முறை கேட்பாள். "பில்லு வந்துச்சுங்களாண்ணா?" "வரலத்தா." அதோடு சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

இரண்டாயிரமாவது வருஷம் திட்டப் பணம் வந்தது. அதே மூன்று கிலோமீட்டருக்கு மேல் புதுத் தார் ரோடு. டெண்டர் எனக்குத்தான். ஊரே பேசுகிற மாதிரி போட்டேன், பாயை விரித்த மாதிரி. பெருமாயிதான் மேஸ்திரி.

"ஏனுங்கண்ணா, நல்லாத்தானுங்க இருக்குது இந்த ரோடு. இது மேல எதுக்குங்க இன்னொண்ணு?"

"பணம் வந்திருக்கு, போடுறோம்."

"வாய்க்காலுக்கு வரலீங்களா?"

"வாய்க்காலுக்குக் கணக்குல வேற தலைப்பு. நீ சட்டியத் தூக்கு."

ரோடு முடிந்து, அந்தப் பில் ஒரே மாதத்தில் பாஸாகி, பணத்தை வாங்கப் போன இடத்தில் பழைய பில்லைப் பற்றிக் கேட்டேன். கிளார்க் பொன்னழகு கட்டை எடுத்துத் தூசியைத் தட்டினார். வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இதுல ஆடிட்காரங்க எழுதியிருக்காங்க. ரோட்டை வெட்டிப் பாத்து, ஒட்டுப் போட்டது நெசம்னு சான்று குடுத்தா பாஸ் பண்ணலாம்னு."

"பாக்கச் சொல்லுங்க."

"எதைப் பாக்குறது? அதுக்கு மேல அம்பது மில்லிமீட்டரு தாரப் போட்டு மூடுனது யாரு, நீங்கதான? உங்க கேஸை நீங்களே பொதச்சுட்டு வந்து சாட்சி கேக்குறீங்க."

பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். மனக்கணக்கில் எவனுக்கும் தோற்காத நான், பெருமாயியின் இருநூற்றுப் பதினான்கு சாட்சியையும் என் கையாலேயே தார் போட்டு மூடியிருந்தேன். அதற்குக் கூலியும் வாங்கிக்கொண்டேன். பெருமாயியும் வாங்கிக்கொண்டாள், மூடிய கூலியை.

இரண்டாயிரத்து மூன்று கடைசியில் வாய்க்காலுக்கும் பணம் வந்தது. பதினைந்து வருஷமாகப் பெருமாயி மண்வெட்டியால் கீறிக் காட்டிய அதே ஓரத்தில் சிமெண்டு வாய்க்கால். கோடு போட்டுக்கொண்டு வந்த சுண்ணாம்பு நேராக அவள் குடிசைக்குள் புகுந்தது. புறம்போக்கு, ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். பெரிய ரோட்டுப் பக்கம் ஒரு அறை பார்த்தாள். வீட்டுக்காரர் பத்தாயிரம் அட்வான்ஸ் கேட்டார். சந்தைப்பேட்டைக்குப் பின்னால் அந்த மனை அப்போது சென்ட் நாற்பதாயிரம்.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக என் வீட்டுக்கு வந்தாள். வாசலோடு நின்றாள். என் மனைவி செபாஸ்தியம்மாள் உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"ஏனுங்கண்ணா, பில்லு வரல வரலங்கறீங்க. எதுனால வரலீங்க?"

எட்டு வருஷத்தில் அந்தக் காரணத்தை நான் அவளுக்குச் சொன்னதே இல்லை. கையெழுத்துப் போடத் தெரியாதவளுக்கு ஆடிட், தீர்மானம் என்று சொல்லி என்ன விளங்கப்போகிறது என்று நினைத்திருந்தேன். அன்றைக்குச் சொன்னேன். வேலை நடந்ததற்கு ஆபீசில் அத்தாட்சி இல்லை, தார் கொடுத்த புத்தகமும் ஆபீஸ் இடம் மாறும்போது தொலைந்துவிட்டது என்றேன்.

அவள் யோசித்தாள். பிறகு சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது.

"காலி டிரம்முங்க?"

"எந்த டிரம்மு?"

"தார் வந்த டிரம்மு, ஒம்பது. வேல முடிஞ்சன்னிக்கு, குளிக்கிற எடத்து மறைப்புக்குத் தகரமாத் தட்டி அடிக்க ஒண்ணு குடுங்கன்னு ஓவர்சீயரக் கேட்டேனுங்க. அது ஆபீசு சொத்து, எண்ணிக்க கொறஞ்சா என் சம்பளத்துல புடிப்பாங்கன்னுட்டாருங்க. ஒம்பதையும் உருட்டிட்டுப் போய் நாந்தான் ஆபீசுல வுட்டேன். ஒரு நோட்டுல பெருவெரலு வெக்கச் சொன்னாங்க, வெச்சேன். அப்புறம் அத ஏலம் வுட்டாங்களே, பழைய இரும்புக்காரரு எடுத்தாருங்களே."

செபாஸ்தியம்மாள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை. "எட்டு வருசமா இத ஒரு வார்த்தை அவகிட்ட கேக்கலையாக்கும்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் பெருமாயியையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். பொன்னழகு முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு அவருக்கே ஆசை வந்துவிட்டது. செலவுப் புத்தகம் தொலைந்துபோகும், வரவுப் புத்தகத்தை எந்த ஆபீசும் தொலைப்பதில்லை. தொண்ணூற்றாறு மாசி மாத ரசீதுக் கட்டைக் அலமாரிக் கீழ்த்தட்டிலிருந்து உருவினார். காலி தார் டிரம் ஒன்பது, ஏலத் தொகை, பொது நிதியில் வரவு. அதோடு பின் செய்த பழைய காகிதத்தில், தைப்பூச அவசர ஒட்டு வேலையில் காலியான டிரம்கள் என்று ஸ்டான்லியின் கையெழுத்து. கீழே கறுப்பாக ஒரு பெருவிரல் ரேகை.

பொன்னழகு அந்த ரேகையையும் பெருமாயியையும் மாறி மாறிப் பார்த்தார். "நடக்கவே இல்லைங்கிற வேலையில காலியான டிரம்ம வித்துக் காசு வாங்கியிருக்கோம்" என்றார் மெதுவாக.

"அன்னிக்கு ஒண்ணு குடுத்திருந்தீங்கன்னா எட்டுத்தானுங்க வந்திருக்கும்" என்றாள் பெருமாயி.

தை மாதக் கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள். பில் நாற்பத்தோராயிரம். வருமான வரி, விற்பனை வரி, வைப்புத் தொகை என்று கழித்தார்கள். எந்த ரசீதிலும் ஏறாத கழிவு வேறு, அது யார் யாருக்கு என்று காண்ட்ராக்ட் எடுத்தவர்களுக்குத் தெரியும். கடைசியில் என் கைக்கு முப்பதாயிரத்துச் சொச்சம் வந்தது. எட்டு வருஷத்துக்கு ஒரு பைசா வட்டி கிடையாது. பேரூராட்சி எனக்கு வட்டி தரவில்லை, அதனால் நானும் தர வேண்டியதில்லை என்று பேங்கிலிருந்து வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். நூறு ரூபாய் நோட்டாகவே வாங்கியிருந்தேன்.

குடிசையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தகரத்தை ஒரு பக்கம், மூங்கிலை ஒரு பக்கம் அடுக்கியிருந்தாள். அவள் கூட்டத்துப் பொம்பளைகள் ஏழெட்டுப் பேர் உதவிக்கு நின்றார்கள். வாய்க்கால் தோண்டும் மெஷின் இருபதடி தள்ளி நின்றுகொண்டிருந்தது. அறைக்காரர் அன்று சாயங்காலம் வரைக்கும்தான் தவணை கொடுத்திருந்தார்.

"பில்லு வந்துருச்சுத்தா" என்று நோட்டுக் கட்டை நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சொன்னாள். "கட்டா வேண்டாமுங்க. எண்ணி வையுங்க. சத்தமா எண்ணுங்க. காண்ட்ராக்டரு உன்னைய ஏமாத்திப்புட்டாருன்னு இவங்க எட்டு வருசமாச் சொல்லிட்டிருக்காங்க. இல்லீன்னு நானும் சொல்லிட்டேதானுங்க இருந்தேன்."

"வட்டி..." என்று ஆரம்பித்தேன்.

"வட்டி நான் கேக்கலீங்க. எண்ணுங்க."

வலது கையை விரித்து நீட்டினாள். நான் ரப்பரைக் கழற்றி, ஒவ்வொரு நோட்டாக எடுத்து, ஒன்று, இரண்டு என்று அவள் கையில் வைத்தேன். ஐம்பதுக்கு மேல் போனபோது பொம்பளைகள் தகரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றி நின்றார்கள். தொண்ணூறுக்கு மேல் அவர்களும் என்னோடு சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். நூற்று இருபத்துநாலு என்று அவர்கள் சொன்ன பிறகுதான் கடைசி நோட்டை அவள் உள்ளங்கையில் வைத்தேன்.